பின்வரிசைக் கட்டைகள்

விறகு அடுப்பைப் பற்றி இப்போது வேறு யாரிடம் பேசுவது? உங்களிடம்தான் பேச வேண்டும். என் பேத்தி வீட்டில் அடுப்பு என்பது ஒரு கண்ணாடிப் பலகை. தொட்டால் சிவக்கிறது, மறுபடி தொட்டால் அணைகிறது. ஜப்பான்காரன் காலத்தில் கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் குடியிருந்தவர்களில் இன்னும் நாம் நாலைந்து பேர் மிச்சம் இருக்கிறோம். உங்களுக்குத் தெரியும், காலையில் அடுப்பு எரியவில்லை என்றால் அன்று முழுக்க அந்த வீட்டில் யாரும் யாரோடும் நல்ல மாதிரி பேச மாட்டார்கள்.

போன மாதம் நம் பிரிக்பீல்ட்ஸ்காரர் சங்கத்தில் கூடியபோது ஒருவர், "அந்தக் காலத்துப் புள்ளைங்க எவ்வளவு நல்ல புள்ளைங்க!" என்று ஆரம்பித்தார். எல்லாரும் தலையை ஆட்டினீர்கள். நான் எழுந்து கழிவறைக்குப் போய்விட்டேன். நான் நல்ல பிள்ளை இல்லை. அதைத்தான் எழுதப் போகிறேன். அப்போது எனக்கு வயது பதினொன்று. தெரியாத வயது என்று யாரும் எனக்குச் சமாதானம் சொல்ல வேண்டாம். எனக்கு எல்லாம் நன்றாகத் தெரிந்திருந்தது.

ரயில்வே குவாட்டர்ஸ் வரிசையில் எங்களுடையது ஐந்தாவது வீடு. அப்பா இன்ஜினில் ஃபயர்மேன். நிலக்கரி கிடைக்காமல் ரயிலே ரப்பர் விறகில் ஓடிய காலம் அது. வண்டி எங்கள் வரிசைக்குப் பின்னால் மெதுவாகப் போகும்போது அப்பா நாலைந்து கட்டைகளைக் காலால் புல்லில் தள்ளிவிடுவார். நான் போய்ச் சாக்கில் சுற்றி எடுத்துவருவேன். "ஜப்பான்காரன் பாத்தான்னா ஒங்கப்பா தலை இருக்காதுடி. சுத்திப் பாத்துட்டுக் குனி" என்று சொல்லித்தான் அம்மா அனுப்புவாள்.

தலையைப் பணயம் வைத்துக் கொண்டுவந்த அந்தக் கட்டைகள் போன வாரம் சாய்த்த மரம். ரம்பத்தில் வழவழவென்று அறுத்த முனையைத் தொட்டால் விரல் ஈரமாகும். அடுப்பில் வைத்தால் உஸ் என்று சத்தம் போடும், முனையில் நுரை தள்ளும், புகையைத் தவிர வேறு ஒன்றும் தராது. ஊதி ஊதி எனக்குக் கண் இரண்டும் மிளகாய்ப் பழமாக இருக்கும். காலையில் அடுப்பு மூட்டுவது என் வேலை. மரவள்ளிக் கிழங்கு வேகாமல் அப்பா அரை வயிற்றோடு வேலைக்குப் போனால் திட்டும் எனக்குத்தான். "ஒரு அடுப்பு மூட்டத் தெரியல, நீயெல்லாம் என்னத்துக்கு லாயக்கு?" என்று அம்மா வரிசைக்கே கேட்கிற மாதிரி கத்துவாள். எனக்கு வலித்தது அந்தக் கத்தல்தான். மற்ற பெண்பிள்ளைகள் சிரிப்பார்கள்.

பக்கத்து வீட்டில் ஓர் அக்கா இருந்தார். புருஷன் தண்டவாள வேலைக்காரர். "சயாம்ல மூணு மாசம் ரயில் பாதை போடுற வேலை, அரிசியும் துணியும் தர்றான்" என்று சொல்லிக் கூட்டிப் போனார்கள். போகும்போது அக்காவுக்கு மூன்று மாதக் கர்ப்பம். "பொறக்கறதுக்குள்ள வந்துருவான் பாரு" என்று வரிசையில் எல்லாப் பெரியவர்களும் சொன்னார்கள். என் அப்பாவும் சொன்னார். அவர்கள் பொய் சொன்னதாக நான் நினைக்கவில்லை. நம்பித்தான் சொன்னார்கள்.

அக்கா பிள்ளைப்பேற்றுக்கு ஆறு மாதம் முன்பே தயாரானார். பச்சை உடம்புக்காரிக்கு வேளாவேளைக்குச் சுடுதண்ணீர் வேண்டும், மருந்து காய்ச்ச வேண்டும், அறை சூடாக இருக்க வேண்டும். அதற்கெல்லாம் நல்ல விறகு வேண்டும். கல்யாணத்துக்கு வந்த பித்தளைக் குடத்தைக் கொடுத்து விறகுக்காரரிடம் ஒரு வண்டிக் கட்டை வாங்கினார்.

விறகுக்காரர் சுங்கை வே பக்கத்து ரப்பர் தோட்டத்து ஆள். விடியுமுன்னே கை வண்டியைத் தள்ளிக்கொண்டு கிளம்பி, வெயில் ஏறும்போது வந்து சேருவார். முழங்கால் வரைக்கும் செம்மண். கோடாலியால் வெட்டி, பிளந்து, அங்கேயே காயப்போட்டுத்தான் கொண்டுவருவார். யார் வாங்கினாலும் முதலில் இரண்டு கட்டைகளை ஒன்றோடொன்று தட்டிக் காட்டுவார். காய்ந்த கட்டை 'டங்' என்று சொல்லும். ஈரக் கட்டை 'தொப்' என்று விழும். "கேட்டுக்குங்கம்மா, பின்னாடி என்னைக் கொறை சொல்லக் கூடாது" என்பார்.

அக்கா வீட்டுப் பின்சுவர் ஓரம் அவரே அடுக்கிக் கொடுத்தார். மண் படாமல் கீழே செங்கல், மரப்பட்டை மேலே பார்க்கிற மாதிரி கட்டைகள், நடுவில் காற்றுப் போக இடைவெளி. முன்வரிசை, பின்வரிசை என்று இரண்டு வரிசை. "புள்ள பொறக்கற வரைக்கும் தொடாத ஆயி, இன்னும் காஞ்சு மணி மாதிரி ஆயிரும்" என்றார். கூடவே வண்டியில் கிடந்த ரப்பர் கொட்டை ஓட்டை ஒரு சாக்கு நிறைய இனாமாகக் கொடுத்தார். அது எண்ணெய் ஊற்றின மாதிரி பற்றிக்கொள்ளும்.

அவரிடம் ஒரு சீட்டு இருந்தது. எங்கள் வரிசையின் தலைவீட்டில் இருந்த, ரயில்வே ஆபீசில் கணக்கு எழுதும் கிராணி எழுதிக் கொடுத்தது. 'இவன் ரயில்வே குவாட்டர்ஸுக்கு விறகு போடுகிறவன்' என்று ஆங்கிலத்திலும் ஜப்பான் எழுத்திலும் எழுதி முத்திரை குத்தியிருந்தது. அந்தச் சீட்டு இருந்ததால்தான் சயாம் ரயில் பாதைக்கு வலுக்கட்டாயமாக ஆள் பிடிக்கிறவர்கள் அவரை மூன்று தடவை நிறுத்தியும் விட்டுவிட்டார்கள். ரப்பர்ப் பாலில் ஒட்டிய துணிப்பையில் வைத்துக் கழுத்தில் தொங்கவிட்டிருப்பார். "இது என் உசிரு பாப்பா" என்று எனக்கே ஒரு தடவை எடுத்துக் காட்டியிருக்கிறார். ஆகையால் எனக்குத் தெரியாது என்று சொல்வதற்கு இடமே இல்லை.

நான் செய்தது இதுதான். அக்காவின் பிரசவத்துக்கு ஒரு மாதம் இருக்கும்போது ஆரம்பித்தேன். அக்கா அரிசி வரிசையில் நிற்கப் போகும் நேரமாகப் பார்த்து, பின்வரிசையில் கை விட்டு இரண்டு காய்ந்த கட்டைகளை உருவுவேன். அப்பாவின் ரயில் கட்டைகளில் அதே நீளமாக இரண்டைப் பொறுக்கி அந்த இடத்தில் செருகுவேன். முன்வரிசையைத் தொடமாட்டேன். வெளியே இருந்து பார்த்தால் அடுக்கு அப்படியே இருக்கும். முதல் நாள் சுற்றும் முற்றும் பார்த்துவிட்டுக் கை விட்டேன். நாலாம் நாள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஒரு வாரத்தில் பாட்டுப் பாடிக்கொண்டே செய்தேன்.

எங்கள் அடுப்பு சுடர்விட்டு எரிந்தது. "எம்மவ கைராசி பாருங்கடி, புகையே வராது!" என்று அம்மா குழாயடியில் பெருமை பேசினாள். இதைச் சொல்ல வாய் கூசுகிறது, ஆனாலும் சொல்கிறேன்: வரிசைப் பெண்கள் என்னிடம் யோசனை கேட்க வந்தார்கள். நானும் இடுப்பில் கை வைத்துக்கொண்டு சொல்லிக் கொடுத்தேன். அடுப்பு வாயை அடைக்காதீங்க, முதல்ல சாம்பலை வாருங்க, சின்னச் சுள்ளி பிடிச்சதுக்கு அப்புறம் பெரிய கட்டை வையுங்க, ஊதினால் அடியில் ஊதுங்க. சொன்னதெல்லாம் சரிதான். காய்ந்த விறகு வேண்டும் என்பதை மட்டும் சொல்லவில்லை. கிராணி வீட்டு அம்மாகூட வந்து கேட்டுவிட்டுப் போனார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

மழை மாதத்தில் அக்காவுக்குப் பெண் குழந்தை பிறந்தது. மருத்துவச்சி பிள்ளையை எடுத்துக் கொடுத்துவிட்டுப் போனதும் அம்மாதான் கூட இருந்து பார்த்துக்கொண்டாள். மண்ணெண்ணெய் டின்னை வெட்டி உள்ளே களிமண் பூசிய ஒரு சின்ன அடுப்பை அறைக்குள் வைத்தார்கள். பச்சை உடம்பில் காற்றுப் பட்டுவிடக் கூடாது என்று ஜன்னலில் சாக்கை அடைத்தார்கள், கதவை இழுத்து மூடினார்கள். மூடிய அறைக்குள் விறகடுப்பு வைக்கலாமா என்று இன்றைக்குப் பள்ளிப் பிள்ளைகூடக் கேட்கும். அன்றைக்கு ஒருவரும் கேட்கவில்லை. காய்ந்த கட்டையாக இருந்திருந்தாலும் ஒருநாள் ஆபத்துதான். இதைச் சொல்லி நான் தப்பிக்கப் பார்க்கவில்லை. காய்ந்த கட்டை எரிந்த ஐந்து நாளும் அந்த அறையில் ஒன்றும் ஆகவில்லை என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.

ஆறாம் நாள் முன்வரிசை தீர்ந்தது.

அன்று காலையிலிருந்து மழை. அம்மா பின்வரிசைக் கட்டைகளை எடுத்துப்போய் அடுப்பில் வைத்தாள். உஸ் என்றதும் சாரல் பட்டிருக்கும் என்று நினைத்திருக்கிறாள். ரப்பர் கொட்டை ஓட்டை அள்ளிப் போட்டுச் சுடர் வந்ததும், காற்றுக்குத் திறந்துகொள்ளாமல் இருக்க வெளியே கொக்கியைப் போட்டுவிட்டு, மருந்து அரைக்கக் கிராணி வீட்டு அம்மிக்குப் போய்விட்டாள். மழை வலுத்ததில் அங்கேயே நின்றுவிட்டாள்.

நான் எங்கள் வீட்டுப் பின்வாசலில் இருந்தேன். அக்கா வீட்டுக் கூரை ஓட்டிடுக்கில் மஞ்சளாகப் புகை கசிந்தது. அந்தப் புகையை எனக்குத் தெரியும். வரிசையிலேயே அதை என்னை விட நன்றாகத் தெரிந்தவர்கள் கிடையாது. ஓடினேன். கொக்கியைத் தள்ளினேன். உள்ளே ஒன்றும் தெரியவில்லை. தரையோடு தவழ்ந்து போய்த் துணியோடு குழந்தையை இழுத்து வெளியே வந்து மழையில் நின்று கத்தினேன். ஆட்கள் ஓடிவந்து அக்காவைத் தூக்கினார்கள். அக்காவுக்கு நினைவு திரும்ப நேரமாயிற்று. குழந்தை நீலம் பாரித்து, பிறகு ஒரு மாதிரி கீச்சென்று அழுதது.

"இந்தப் புள்ள இல்லேன்னா ரெண்டு உசுரும் போயிருக்கும்!" என்று ஒருவர் என்னைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டார். கிராணி வீட்டு அம்மா ஒரு துண்டு வெல்லம் கொண்டுவந்து என் வாயில் திணித்தார். ஜப்பான்காரன் காலத்தில் வெல்லம்! நான் தின்றேன். துப்பியிருக்க வேண்டும். தின்றேன்.

ஓடிவந்த அம்மா மட்டும் நேராக அடுப்பிடம் போனாள். அணைந்த கட்டையை எடுத்து, முனையைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்துவிட்டுக் கீழே வைத்தாள். அன்று என்னை அடிக்கவில்லை, ஒரு வார்த்தை கேட்கவில்லை. மறுநாள் காலையில் எனக்கு முன்னால் எழுந்து அவளே அடுப்பு மூட்டினாள். அதற்குப் பிறகு ஒருநாளும் என்னை மூட்டச் சொன்னதில்லை.

மூன்றாம் நாள் வழக்கம்போல விறகுக்காரர் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தார். கிராணி வீட்டு முன்னால் எல்லாரும் கூடிவிட்டார்கள்.

"ஏண்டா, புள்ளத்தாச்சிக்குப் பச்சைக் கட்டையைக் கொடுத்து ஏமாத்தியிருக்கியே, நீ மனுசனா?" என்றார் கிராணி.

"ஐயா, நான் தட்டிக் காட்டித்தான் கொடுத்தேன். அந்த ஆயியையே கேளுங்க."

"முன்னாடி நல்லதை அடுக்கிட்டுப் பின்னாடி இதை ஒளிச்சு வெச்சிருக்க. யாருகிட்ட காட்டுற ஒன் வேலையை?"

விறகுக்காரர் குனிந்து ஒரு கட்டையை எடுத்தார். முனையைப் பார்த்தார். ரம்பத்தில் அறுத்த முனை. அவர் வண்டியில் கிடந்த கட்டைகள் எல்லாம் கோடாலி கொத்திய முனை. யார் பார்த்தாலும் வித்தியாசம் தெரியும், பார்த்தால். அந்த வரிசையில் ரம்பக் கட்டை வரும் வீடு எது என்பது அவருக்குத் தெரியும். நிமிர்ந்து அப்பாவைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். வாயைத் திறந்தவர் மூடிக்கொண்டார். அந்த இடத்தில் ரயில் கட்டை என்று ஒரு சொல் விழுந்தால் அது எங்கே போய் முடியும் என்று அவருக்கும் தெரிந்திருக்கிறது.

"நான் கொடுத்தது இது இல்லீங்க" என்று மட்டும் சொன்னார்.

"அப்ப கட்டை தானா நடந்து வந்துச்சா? சத்தியம் பண்ணுவியா?"

"பண்றேன் ஐயா."

கற்பூரம் அடித்துச் சத்தியம் செய்வதுதான் நம் வழக்கம். எரிகிற கற்பூரத்தின் மேல் கையை வைத்து அணைத்துச் சொல்ல வேண்டும். கற்பூரம் எங்கே கிடைக்கும் அப்போது? கிராணி யோசித்துவிட்டுச் சொன்னார்: "அந்தப் புள்ளையை மூச்சு முட்ட வெச்ச அதே அடுப்பு, அதே கட்டை. கொளுத்துங்க. அது மேல கை வெச்சுச் சொல்லட்டும்."

டின் அடுப்பைக் கொண்டுவந்து வைத்தார்கள். அடியில் கொட்டை ஓடு, மேலே என் கட்டை. ஓடு பற்றிச் சுடர் எழும்பியது. விறகுக்காரர் தலைத்துண்டை அவிழ்த்து இடுப்பில் கட்டினார், கிழக்கே பார்த்துக் கும்பிட்டார், கையை நீட்டிக்கொண்டு முன்னால் வந்தார். அதற்குள் ஓடு எரிந்து தீர்ந்தது. கட்டை உஸ் என்றது. முனையில் நுரை தள்ளியது. சுடர் உட்கார்ந்து, புகை மட்டும் வந்தது. அவர் நீட்டிய கை அந்தப் புகைக்கு மேல் நின்றது.

"அய்யய்யோ, நெருப்பே நிக்கலியே!" என்று ஒரு பெண் கத்தினாள்.

"பொய் சத்தியத்துக்கு நெருப்பு நிக்குமா?" என்றது இன்னொரு குரல்.

யாரும் அதற்குப் பிறகு எதையும் கேட்கவில்லை. வீட்டில் தினமும் அடுப்போடு மல்லுக்கு நிற்கிற அத்தனை பேரும் அங்கே இருந்தார்கள். ஈரக் கட்டை எரியாது என்பது அவர்களில் ஒருவருக்கும் ஞாபகம் வரவில்லை. எனக்கு வந்தது. என் பின்கழுத்தில் அப்பாவின் கை வந்து உட்கார்ந்தது. அம்மா, "மழை வருது, கொடியில துணி கெடக்கு, எடு போ" என்றாள்.

நான் சொல்லியிருக்கலாம். அப்பா பெயர் வராமல், எங்கோ பொறுக்கிய கட்டையை நான்தான் மாற்றிவைத்தேன் என்று சொல்லியிருக்கலாம். எனக்கு நாலு அறை விழுந்திருக்கும், அவ்வளவுதான். அப்பாவைக் காப்பாற்றத்தான் வாயை மூடினேன் என்று வெகு காலம் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். அது பொய். தோளில் தூக்கிவைத்தார்களே, அந்த இடத்திலிருந்து இறங்க எனக்கு மனசில்லை.

கிராணி கையை நீட்டினார். விறகுக்காரர் கழுத்துப் பையை அவிழ்க்காமல் நின்றார். "ஐயா, இந்த வரிசைக்கே இனிமே வரல. சீட்டை மட்டும் விட்டுருங்க ஐயா. எனக்கு மூணு புள்ளைங்க" என்றார். கிராணி பையைப் பிடுங்கிச் சீட்டை எடுத்துக் கிழித்தார். நான் துணி எடுக்கப் போனேன்.

ஒரு மாதம்கூட ஆகவில்லை. சுங்கை வே பக்கம் லோரியில் வந்து ஆள் பிடித்தார்கள், விறகுக்காரரும் போய்விட்டார் என்று வேறொரு விறகு வண்டிக்காரன் சொன்னான். "செஞ்ச பாவம் சும்மா விடுமா?" என்று வரிசையில் பேசிக்கொண்டார்கள். ஜப்பான் சண்டை முடிந்து சயாமிலிருந்து எலும்பும் தோலுமாகச் சிலர் திரும்பினார்கள். அக்காவின் புருஷன் வரவில்லை. விறகுக்காரரும் வந்ததாகக் கேள்விப்படவில்லை. அவர் பிள்ளைகள் என்ன ஆனார்கள் என்று யாரும் போய்ப் பார்க்கவில்லை. போயிருக்க வேண்டியவள் நான். வளர்ந்து, வேலைக்குப் போய், கார் ஓட்டக் கற்றுக்கொண்ட பிறகும் போகவில்லை.

இனி சொல்ல வேண்டியது இன்னும் கேவலம். அந்தக் குழந்தைக்கு முப்பதாம் நாள் பெயர் வைத்தார்கள். உயிரைக் காப்பாற்றியவள் என்று என் பெயரை வைத்தார்கள். "வேண்டாம்" என்று சொல்லக்கூட எனக்குத் தைரியம் இல்லை. தொட்டிலில் போட்டு மூன்று முறை என் பெயரைக் காதில் சொன்னார்கள். எல்லாரும் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள்.

அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே இளைப்பு. மழைக்காலம் வந்தால் மூச்சு விசிலடிக்கும். இப்போது அவளுக்கும் எழுபது நெருங்குகிறது. செந்தூலில் மகனோடு இருக்கிறாள். மாதம் ஒருமுறை என்னைப் பார்க்க வருவாள். வந்தால் முதல் வேலையாகக் குனிந்து என் காலைத் தொடுவாள், பிறகு நிமிர முடியாமல் பையில் கை விட்டு மூச்சுமருந்துக் குழாயைத் தேடுவாள். இத்தனை வருஷமாக நான் அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை வந்தாள். லிஃப்ட் கெட்டுப்போயிருந்ததால் மூன்று மாடி ஏறி வந்திருக்கிறாள். பேச்சு வர ஐந்து நிமிஷம் ஆயிற்று. காலைத் தொடக் குனிந்தவளைப் பிடித்து நிறுத்தினேன். "தொடாதே. ஒக்காரு. ஒன்கிட்ட ஒண்ணு சொல்லணும்" என்றேன். கட்டையை மாற்றியதைச் சொன்னேன். சொல்லும்போதே அழுதுவிட்டேன், இந்த வயதில்.

அவள் சிரித்தாள். "அதுவாக்கா? எனக்குத் தெரியுமே லா! அம்மா சொல்லியிருக்காங்க."

கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டேன்: "எப்ப தெரியும் ஒங்கம்மாவுக்கு?"

"எழுந்து நடமாட ஆரம்பிச்சதும் அடுக்கைப் பாத்திருக்காங்க. பூரா ரம்பத்துல அறுத்த கட்டை. அதுக்குள்ள எனக்குப் பேரு வெச்சாச்சு. மாத்தலாமான்னு நெனைச்சாங்களாம். அப்புறம், போனாப் போவுது, சின்னப் புள்ளதானே, கதவைத் தொறந்ததும் அதுதானேன்னு விட்டுட்டாங்களாம். ஒங்க வீட்டுலதானே அப்ப எங்களுக்குக் கஞ்சி. இதுக்குப் போயி அழுவுறீங்களே, என்னாக்கா நீங்க!" என்று என் கையைப் பிடித்துத் தட்டிக் கொடுத்தாள்.

ஒரு நிமிஷம், ஒரே ஒரு நிமிஷம், எனக்கு நெஞ்சு லேசாயிற்று. அதையும் மறைக்கப் போவதில்லை. பிறகு கேட்டேன்: "அப்ப விறகுக்காரரைப் பத்தி ஒங்கம்மா என்ன சொன்னாங்க?"

"எந்த விறகுக்காரரு?"

அவள் முகத்தைப் பார்த்தேன். விளையாட்டுக்குக் கேட்கவில்லை. கட்டை திருடிய கதையும், கதவு திறந்த கதையும், பெயர் வைத்த கதையும் அவள் வீட்டில் அறுபது வருஷத்துக்கு மேலாகச் சொல்லிச் சிரித்த கதைகள். அதில் அவர் இல்லை. ஆகவே நான் மறுபடி முதலிலிருந்து சொன்னேன். கை வண்டி, சீட்டு, சத்தியம், லோரி, எல்லாம். அவள் சிரிப்பு நின்றுவிட்டது. என் கையை விட்டுவிட்டாள்.

"மூணு புள்ளைங்கன்னு சொன்னீங்கல்ல? எம் மவன் தோட்டத்து ஆளுங்களை விசாரிச்சுப் பாப்பான். அங்க பழைய குடும்பங்க இன்னும் இருக்காங்க" என்று எழுந்து, பையிலிருந்து ஒரு தாளும் பேனாவும் எடுத்தாள். "அவரு பேரு என்னாக்கா?"

எனக்குத் தெரியவில்லை. நாங்கள் யாரும் கேட்டதில்லை.